துணியிலிருந்து விழுந்த கிளிப்

இன்ஜினை மூடியாயிற்று, இனி எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அந்த வீடு விளக்கை அணைத்ததோடு போன வாரம் நாமும் விடைபெற்றோம். தூங்கியது என்னவோ உண்மைதான். நிம்மதிதான் விடிந்தபின் நிலைக்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மேய்ந்து ஓடவைக்கிற குடும்பம். இன்ஜின் அத்தான் கையில். சீட்டுக்கு உறை தைப்பது அக்கா. கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத கருவிகளை லேத்தில் கடைந்து தருவது அக்காவின் தம்பி. அக்கம்பக்கத்தில் அவனுக்குக் கடைசல்காரன் என்றே பெயர். அத்தானுக்கு மட்டும் 'மாப்ள'.

அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே மகள். வயிற்றிலிருந்தபோதே அம்மாவை உதைத்த உதையில் 'கிக்கர்' என்று பெயர் வாங்கியவள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நான்கைந்து சாக்குப்பையில் உதிரியாக வந்து இறங்கிய வண்டி, அவள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகுதான் வண்டி என்ற உருவத்துக்கே வந்தது. இன்று விடியலில் அந்த வண்டியில்தான், பழைய வண்டிக்காரர்கள் கூட்டத்தோடு மலைப்பாதைக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள்.

அத்தான் வாசல்வரை வந்து வழியனுப்பினார். வண்டியின் சத்தம் தெருமுனை திரும்பி மறையும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டியா மாப்ள? தாளம் தப்பல."

"உங்க பொண்ணாச்சே அத்தான், வாய்தான் தப்பும், தாளம் தப்பாது."

சிரித்துக்கொண்டே இருவரும் உள்ளே வந்தார்கள். அத்தான் குளிக்கப் போனார். கடைசல்காரன் பட்டறைக்குப் போனான்.

பெரிய வேலை முடிந்த மறுநாள் பட்டறையை ஒழுங்குபடுத்துவது அவனுக்குப் பிடித்த வேலை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வெள்ளை பெயிண்டில் வரைந்து வைத்திருந்தான். கருவி வெளியே இருந்தால் அதன் நிழல் மட்டும் சுவரில் நிற்கும். எது திரும்பவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஃபிளைவீலைக் கழற்றும் புல்லர் அங்கே தொங்கியது. கூம்பு வடிவ அச்சில் இறுகிக் கிடக்கும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டினால் அச்சு வளையும்; புல்லர் அதன் மரையைப் பற்றிக்கொண்டு நடு போல்ட்டை மெல்லத் திருகத் திருக, சக்கரம் தானாகவே 'படக்' என்று விட்டுக்கொடுக்கும். பக்கத்தில், சைலன்சர் வளையத்தைத் திருகும் கொக்கி ஸ்பேனர். அதற்குப் பக்கத்தில், பிஸ்டன் ரிங்குகளை அமுக்கிப் பிடிக்கும் தகட்டுப் பட்டை. விரிந்து நிற்கும் ரிங்கை அப்படியே சிலிண்டருக்குள் திணித்தால் உடையும். பட்டையால் இடுப்பை இறுக்கிவிட்டால் சமர்த்தாக உள்ளே போகும். எல்லாம் அவன் கையால் செய்தவை.

எல்லாக் கருவிகளும் திரும்பியிருந்தன. அவனுக்குத் திருப்தி.

அடுத்து அழுக்குத் துணிகள். சோப்புத் தண்ணீரில் போடுமுன் ஒவ்வொன்றாக எடுத்து உதறினான். எண்ணெய் கறுத்த ஒரு பழைய பருத்தித் துணியை உதறியபோது சிமென்ட் தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

குனிந்து எடுத்தான். கம்பியால் ஆன சின்ன வளையம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஓரிடத்தில் வாய் திறந்திருந்தது.

கிளிப்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஏன் உட்கார்ந்தான் என்று புரிய, இன்ஜினுக்குள் ஒரு நொடி எட்டிப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அதைக் கீழே உள்ள தண்டோடு சேர்த்துப் பிடிப்பது குறுக்கே நுழைந்த ஓர் இரும்பு உருளை. பிஸ்டன் பின் என்பார்கள். அந்தப் பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகராமல் இருக்க, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிளிப், கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. ஒரு தாழ்ப்பாள் இல்லையென்றால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், தாளம் தப்பாது, தெருமுனை தாண்டும். ஆனால் அந்தப் பிஸ்டன் பின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து சிலிண்டர் சுவரை உரசும், கீறும், ஒரு கட்டத்தில் கவ்விப் பிடிக்கும். இன்ஜின் சட்டென்று உறைந்தால் பின்சக்கரமும் சேர்ந்து உறையும். மலைவளைவில் அது நடந்தால்...

அவன் அந்த யோசனையை அங்கேயே நிறுத்தினான்.

பழைய கிளிப்பாக இருக்கலாமே? இருக்க முடியாது. இந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய கிளிப்பை மறுபடி மாட்டக் கூடாது. தெரியாமல்கூட மாட்டிவிடக் கூடாது. அதனால் கழற்றிய கையோடு கட்டரால் அதை இரண்டாக வெட்டிவிடுவார்கள். இது வெட்டுப்படாத, பளபளக்கும் கிளிப். புதுசு.

துணியும் எந்தத் துணி என்று தெரிந்தது. பிஸ்டன் மாட்டும்போது கீழே திறந்திருக்கும் இன்ஜின் வாயில் திணிக்கிற துணி அது. கிளிப் கைதவறினால் இன்ஜின் வயிற்றுக்குள் விழாமல் அதுதான் ஏந்திக்கொள்ளும். ஏந்தியும் இருக்கிறது. வெளியே எடுத்ததும் அந்தத் துணியை உதறிப் பார்த்துவிட்டுத்தான் சிலிண்டரை இறக்க வேண்டும். அந்தப் பாடத்தை இந்தப் பட்டறையில் எல்லோர் தலையிலும் ஏற்றியதே அத்தான்தான்.

அவர் உதறவில்லை.

கடைசல்காரன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே அவன் கடைந்து கொடுத்த கிளிப் மாட்டும் குழாய். வாய் அகன்று, போகப் போகக் குறுகும் குழாய். கிளிப்பை உள்ளே போட்டு பின்னாலிருந்து தள்ளினால், சுருங்கிக்கொண்டே போய் பிஸ்டனில் உள்ள பள்ளத்தில் 'டிக்' என்று விரிந்து உட்காரும். அந்த 'டிக்' உள்ளங்கையில் தெரியும். கருவியைக் கொடுத்த அன்று அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விரல் இருக்கும்போது விரலுக்கு எதுக்குடா இன்னொரு விரல்?" என்று கேட்டு இழுப்பறையில் போட்டார். துருப்பிடிக்காமலிருக்க அன்று அவன் தடவிய கிரீஸ் இன்னும் கலையாமல் இருந்தது.

விரல்தான் மாட்டியிருக்கிறது. எந்த விரல் என்பதுதான் கேள்வி.

அந்த விரலைப் பற்றி அவனுக்கு ஒன்று தெரியும். யாரிடமும் சொல்லாத ஒன்று. சில வாரங்களுக்கு முன் ஓடி நின்ற ஒரு வண்டியின் சைலன்சர்மேல் கையூன்றி அத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஏதோ கருகுற வாசனை வருதே மாப்ள, ஒயரா பாரு" என்றார். கருகியது ஒயர் இல்லை. அவர் உள்ளங்கை.

முதலில் போன். கிக்கருடையது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எப்போதும் அப்படித்தான். கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவர் ஒரு பல் டாக்டர். அவர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. 'அவளை வண்டியை நிறுத்தச் சொல்லுங்க, உடனே கூப்பிடுங்க' என்று இருவருக்கும் செய்தி அனுப்பினான். அனுப்பியது போய்ச் சேராமல் ஒற்றை டிக் குறியோடு நின்றது.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன மாப்ள, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

அவன் கிளிப்பை நீட்டினான். "துணியில இருந்துச்சு அத்தான்."

அவர் பார்த்தார். துவட்டிய கை நின்றது. அப்புறம் மறுபடி துவட்ட ஆரம்பித்தது, கொஞ்சம் வேகமாக.

"அதுவா? ஒண்ணு கைதவறிச்சு. டப்பாவுல மூணு இருந்துச்சு. மூணாவதை எடுத்துப் போட்டேன்."

"மூணா?"

"கம்பெனிக்காரன் சில சமயம் எக்ஸ்ட்ரா ஒண்ணு வெப்பான், தெரியாதா உனக்கு?"

தெரியும். சில சமயம் வைப்பார்கள். டப்பாவைப் பிரித்தது அத்தான் மட்டும். நேற்று மாலை அவரே எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் இன்ஜினை மூடினார்.

"அப்ப ரெண்டும் போட்டீங்க?"

"போட்டேன்டா."

"பள்ளத்துல உக்காந்துச்சா? சுத்திப் பாத்தீங்களா?"

அத்தான் துண்டைத் தோளில் போட்டார். "ஏன்டா, நான் கிளிப் மாட்ட ஆரம்பிச்சப்ப நீ மூக்கு ஒழுக டவுசரைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பொய் சொல்கிறவனை மடக்கலாம். அத்தான் பொய் சொல்லவில்லை. அவர் மாட்டினார். மாட்டியதாக முழுசாக நம்புகிறார். மூன்றாவது கிளிப் உண்மையிலேயே இருந்ததா, இல்லை, இருந்திருக்க வேண்டும் என்று அவர் மனம் இப்போது செய்துகொண்டதா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

திறந்து பார்த்தால் தெரியும். திறக்க வேண்டிய இன்ஜின் மலையேறிக்கொண்டிருந்தது.

தையல் மிஷின் நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து அக்கா வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி.

"என்னடா சத்தம்? காலங்காத்தால மாமனும் மச்சானும் மல்லுக்கு நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அக்கா குண்டூசிகளை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒத்துமையா ஒண்ணுமில்லன்னா, பெருசா என்னமோ இருக்கு. சொல்லு."

அவன் சொன்னான். கிளிப், துணி, மூன்றாவது கிளிப். சைலன்சர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே அக்காவின் முகம் வெளுத்தது.

"நான் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போறேன்க்கா."

"போய் எங்கடா புடிப்ப? விடியிறதுக்கு முன்னாடி கிளம்பினவ. இந்நேரம் பாதி மலைக்கு மேல இருப்பா."

"அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா?"

"முடியலதான். வேற என்ன செய்ய முடியுது சொல்லு."

ஒரு நட்டு இறுகிப்போனால் அதற்குச் சூடு, எண்ணெய், நீளமான கைப்பிடி என்று எத்தனையோ வழி அவனுக்குத் தெரியும். மரை அழுகிய போல்ட்டைத் துளைபோட்டு எடுக்கத் தெரியும். எட்டாத இடத்துக்கு வளைந்த ஸ்பேனர் செய்யத் தெரியும். இங்கே எட்ட வேண்டிய தூரத்துக்கு எந்த லேத்திலும் கருவி கடைய முடியாது.

மறுபடி மறுபடி போன் போட்டான். எல்லைக்கு வெளியே. எல்லைக்கு வெளியே.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து எதுவும் நடக்காதது போல ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னாள்.

"போன மாசம் சோபாவுல நான் விட்டுட்டு வந்த ஊசி இவர் கட்டைவிரல்ல குத்தி நின்னுச்சுடா. பாதி ஊசி உள்ள. இவர் பாட்டுக்கு டிவி பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போய்ப் பிடுங்கினேன். 'என்னடி பண்ற'ன்னு கேட்டாரு."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ சைலன்சரைப் பத்தி எங்கிட்டச் சொன்னியா? உள்ளங்கையில கொப்புளம் பாத்தேன். நீ கூட இருந்தன்னு தெரியும்."

ஆளாளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு, சேர்த்துப் பார்க்க பயந்திருக்கிறார்கள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் அத்தான், கார்புரேட்டரிலிருந்து நிமிராமல். "சர்க்கரை இருக்கிறவனுக்குக் கொஞ்சம் மரத்துப் போகும். ஊர் உலகத்துல இல்லாததா? அதுக்காகத் தொழில் மறந்துடுமா?"

"தொழில் மறக்கலீங்க. விரலுக்குத் தெரியணும்ல?"

"தெரியும்டி."

"தெரியலீங்க."

கார்புரேட்டரை 'டக்' என்று மேஜையில் வைத்தார். எழுந்து நின்றார். வலதுகையைத் துண்டில் அழுத்தித் துடைத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வாடா மாப்ள. அந்தக் கிளிப்பை வை. எந்த விரல்ல வெக்கிறன்னு நீ சொல்லாத, நான் சொல்றேன். சொல்லலைன்னா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்ன வேணாலும் பேசுங்க."

கடைசல்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் அருகில் போனான். எண்ணெய் ஊறி, கோடுகள் கறுத்த கை. வால்வு இடைவெளியை அளவுத் தகடு இல்லாமல் அசைத்தே சொல்லிவிடும் என்று வண்டிக்காரர்கள் கதை கதையாகப் பேசிய கை. அவன் கிளிப்பை ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்தான். கொஞ்சம் அழுத்தியே வைத்தான். தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டே அழுத்தினான்.

கையை எடுத்துக்கொண்டான்.

அத்தான் கண் மூடியபடியே நின்றார். முகத்தில் லேசான சிரிப்பு. பரீட்சைக்குத் தயாராக வந்த பையனின் சிரிப்பு.

"வைடா."

அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்டா? வை. பயமா?"

அக்கா விசும்பிவிட்டாள். அந்தச் சத்தத்தில்தான் அத்தான் கண்ணைத் திறந்தார். விரல் நுனியில் கிளிப் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவர் அதையே பார்த்தார். யாரோ ஒருத்தருடைய கை தன் தோளில் ஒட்டியிருப்பதுபோலப் பார்த்தார்.

"எப்ப வெச்ச?" என்று கேட்டார். அவ்வளவு சன்னமாக அவர் பேசி அவன் கேட்டதில்லை.

மேஜைமேல் அத்தானின் போன் அடித்தது. பல் டாக்டரின் எண்.

அத்தான்தான் எடுத்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் வெளியே வரை கேட்டது. டாக்டர் இல்லை, கிக்கர். காற்றும், சிரிப்பும், பின்னால் பல இன்ஜின்களின் உறுமலும்.

"அப்பா! மேல வந்துட்டோம்! டாக்டர் அங்கிள் போன்ல பேசறேன், இங்க ஒரு பாறைமேல நின்னாதான் சிக்னல் வருது. வண்டி பட்டு மாதிரி ஏறுச்சுப்பா! எல்லாரும் கேட்டாங்க, இன்ஜின் யாரு கட்டினதுன்னு. எங்கப்பான்னு சொன்னேன்!"

அத்தான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

ஏறிவிட்டாளே, அப்புறம் என்ன என்று தோன்றலாம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் இந்த இன்ஜினுக்குப் பொல்லாதது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடி, கியரில் போட்டு, இன்ஜினையே பிரேக்காகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிஸ்டனை மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும் அப்போது சக்கரம்தான். பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய் குறைவு, உராய்வு அதிகம், தளர்ந்த பிஸ்டன் பின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம். பக்கத்தில் பள்ளத்தாக்கு.

"அப்பா? கேக்குதா? எல்லாரும் இறங்க ஆரம்பிச்சுட்டாங்க, நானும் கிளம்பறேன்..."

கடைசல்காரன் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாலேயே சொன்னாள்: அவரே சொல்லட்டும்.

அவன் திமிறினான். அக்கா விடவில்லை. தையல்காரியின் பிடி.

அத்தான் கண்களை மூடிக்கொண்டார். "கிளம்பாதம்மா" என்றார். "வண்டியை எடுக்காத. நான் ஒரு கிளிப் போடல. எனக்கு... எனக்கு விரல்ல உணர்ச்சியே இல்லம்மா. ரொம்ப நாளாச்சு. யாருக்கும் சொல்லல. உன் வண்டியை நான் சரியா மூடல. தள்ளி ஓரமா நிறுத்திடு, மாமா வந்து ஏத்திக்கிட்டு வருவான். கேக்குதா? திட்டணும்னா திட்டு. ஸ்டார்ட் மட்டும் பண்ணாத."

அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை.

"கிக்கரு?"

கடைசல்காரன் அக்காவின் பிடியை உதறிவிட்டு, போனை அவர் காதிலிருந்து மெல்ல எடுத்துப் பார்த்தான். திரை இருண்டிருந்தது. எப்போது இருண்டது என்று அதில் எழுதியிருக்கவில்லை. 'கிளம்பாத' என்ற வார்த்தைக்கு முன்னாலா, பின்னாலா?

மறுபடி அழுத்தினான். எல்லைக்கு வெளியே.

"கேட்டிருப்பாளாடா?" என்றார் அத்தான். குழந்தை கேட்பதுபோல இருந்தது.

அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். பட்டறை வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அக்கா, தம்பியைப் பிடித்து நிறுத்திய தன் வலதுகையை இடதுகையால் இறுகப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள், அதை இப்போது யார் கையில் ஒப்படைப்பது என்று தெரியாதவள்போல.